முதல் செலவு கதவுக்கு!

கார் ஸ்டீரியோ வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும் ‘50 வாட்ஸ் × 4’ என்ற வரி. கடைக்காரரும் அதைத்தான் விரலால் தட்டிக் காட்டுவார். மொத்தம் 200 வாட்ஸ், சின்ன காருக்கு இது போதாதா என்ற கேள்வியோடு பேரம் முடிந்துவிடும். அதே செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திருப்பி, முதுகில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பார்த்தால் பெரும்பாலும் 10 ஆம்பியர் என்றிருக்கும். என்ஜின் ஓடும்போது காரில் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 144. உள்ளே போவதே 144 வாட்ஸ்தான் என்றால், வெளியே 200 வாட்ஸ் எப்படி வரும்?

வராது. அச்சிட்டவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான். 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரில் ஒரு சதுர அலையை, அதாவது காது கூசும் கர்ணகடூரமான இரைச்சலை, ஓட்டினால் 51.8 வாட்ஸ் என்று கணக்கு வரும். பாட்டு அப்படிச் சதுரமாக வருவதில்லை. பிசிறில்லாத ஒலிக்கு ஏட்டுக் கணக்கின் உச்சவரம்பே 26 வாட்ஸுக்குச் சற்றுக் குறைவு. செட்டுக்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 18 முதல் 22 வாட்ஸ் தேறும். விலையுயர்ந்த பிராண்டோ பெயர் தெரியாத பிராண்டோ, தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் டாஷ்போர்டில் உட்காரும் செட் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். விவரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற தலைப்பின் கீழ் இந்த எண்ணைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இந்தச் சின்னக் கணக்கு தெரியாததால்தான் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பழைய கார்களுக்குப் புதுச் சத்தம் தேடிப் போகிறவர்கள் பணத்தைத் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள். டாஷ்போர்டின் தொடுதிரைக்கு முக்கால் பங்கு, ஸ்பீக்கருக்குக் கால் பங்கு, வயருக்கும் கதவுக்கும் ஒன்றுமே இல்லை.

பழைய கார் இங்கே அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதற்குப் பிறகு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனாலும் டெல்லியைப் போல வயதைக் காரணம் காட்டியே காரை ஓரங்கட்டும் உத்தரவு தமிழ்நாட்டில் இல்லை. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800-ஐ ராசிபுரம் சந்தைக்கும் பரமத்திவேலூர் வாழைமண்டிக்கும் போகிற வழியில் இன்றும் பார்க்கலாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ, 1999-இல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகான், டாடா இண்டிகா, குவாலிஸ், 2005-இன் முதல் தலைமுறை ஸ்விஃப்ட் என்று வரிசை நீளும். என்ஜின் நன்றாக இருக்கிறது, ஏ.சி. வேலை செய்கிறது, பாட்டு மட்டும் தகர டப்பாவில் இருந்து வருகிறது என்பதுதான் இவற்றின் உரிமையாளர்கள் பலருடைய குறை.

‘கம்பெனி செட்’ என்று பேச்சுவழக்கில் சொல்வதெல்லாம் உண்மையில் கம்பெனி செட் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாருதி 800-இன் பெரும்பாலான வகைகளில் டாஷ்போர்டில் ஒரு வெற்றுக் குழிதான் வரும். டீலரோ பக்கத்துக் கடையோ அதில் ஒரு டேப்பைச் செருகி, பின் கண்ணாடியடியில் இருக்கும் ட்ரேயில் இரண்டு ஓவல் ஸ்பீக்கரைப் பதித்துக் கொடுத்தார்கள். ஆகவே 20 வயது காரைப் பிரித்தால் அதற்குள் இருப்பது தொழிற்சாலை போட்ட வயரிங் அல்ல. மூன்று உரிமையாளர்கள், நான்கு எலக்ட்ரீஷியன்கள், ஐந்து நிற இன்சுலேஷன் டேப் சேர்ந்த ஒரு வரலாறு.

காருக்குள் பாட்டு வந்த வரலாறு உலக அளவிலும் சுவையானதுதான். அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் 1930-இல் கார் ரேடியோவை விற்கத் தொடங்கி, மோட்டார் என்ற சொல்லை வைத்தே அதற்கு மோட்டரோலா என்று பெயர் சூட்டியது. கைப்பேசிக்குப் பெயர்போன நிறுவனத்தின் பிறப்பு டாஷ்போர்டில்தான். ஜெர்மனியில் 1932-இல் ப்ளாபுங்ட் தன் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. கிரைஸ்லர் 1956-இல் காருக்குள் இசைத்தட்டுக் கருவியையே வைத்துப் பார்த்தது. குழியில் முள் எகிறாமல் இருக்குமா? சில ஆண்டுகளில் கைவிட்டார்கள்.

நம் ஊர் அம்பாசடர்களில் ரேடியோ இருந்தால் அது பெரிய வீட்டுக் கார். ரேடியோ கேட்க அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது; அந்த ஏற்பாடு 1980-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. மாலையில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை மத்திய அலையில் பிடித்தால், பாட்டோடு சேர்ந்து என்ஜினின் ‘டிர்ர்ர்’ சத்தமும் வரும். ஸ்பார்க் பிளக்கில் தெறிக்கும் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். மத்திய அலை வாங்கிக்கு அதைப் பிரித்தறியத் தெரியாது. இக்னிஷன் காயிலில் ஒரு கண்டென்சரை வைத்து அந்த இரைச்சலை அடக்கியதுதான் அன்றைய ஆட்டோ எலக்ட்ரீஷியனின் முதல் ‘ஆடியோ அப்கிரேடு’.

பிறகு கேசட். ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிடமா 90 நிமிடமா என்று சொல்லி, இரண்டு நாள் கழித்து வாங்கிவந்த காலம். அந்தக் காலத்தில் செட் திருட்டும் சகஜம். அதனால் கைப்பிடி வைத்து முழுசாக உருவி வீட்டுக்குள் எடுத்துப்போகும் செட்டுகள் வந்தன. பிறகு முகப்பை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் செட்டுகள். அடுத்து எம்.பி.3 சி.டி., ஒரே தட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டு. அதற்கும் அடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் ‘பென் டிரைவில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற பலகை. ஸ்மார்ட்ஃபோனை டாஷ்போர்டோடு இணைக்கும் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் 2014-இல் அறிவிக்கப்பட்டவை. 10 ஆண்டுக்கு மேல் பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் இப்போது அதன்மேல்தான் ஆசை.

சேலம், நாமக்கல் சமவெளியில் சத்தத்தின் இலக்கணத்தை எழுதியது கார் அல்ல, லாரி. 1997 ஜனவரி 1-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் லாரி பாடி கட்டும் தொழிலுக்கும் எரிவாயு டேங்கர்களுக்கும் பெயர்பெற்றது. திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர். சங்ககிரி லாரிகளின் ஊர். இங்கே காலங்காலமாக லாரி வெறும் சேஸிஸாக வந்து இறங்கும். கேபினைப் பட்டறையில்தான் கட்டுவார்கள். கண்ணாடிக்கு மேலே ஒரு பலகை, அதில் செட், கூரையின் இரு மூலைகளில் ஸ்பீக்கர், நடுவில் சாமி படம், சீரியல் லைட். செட் எங்கே உட்கார வேண்டும், வயர் எந்த வழியாக ஓட வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு வண்டிக்கும் புதிதாக முடிவு செய்த கைகள் இவை. பல நாள் நீளும் வடநாட்டு லோடில் டிரைவருக்குத் தூக்கம் வராமல் பார்த்துக்கொள்வதும், ரிக் வண்டியோடு மாநிலம் மாநிலமாகச் சுற்றும் ஆட்களுக்கு ஊர் நினைப்பைத் தருவதும் அந்தச் செட்டின் வேலை.

லாரியில் ஒரு சிக்கல் உண்டு. கனரக வண்டிகளில் பெரும்பாலானவை 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஸ்டீரியோவோ 12 வோல்ட். முறையாகச் செய்பவர் 24-ஐ 12 ஆகக் குறைக்கும் கன்வர்ட்டர் வைப்பார். அவசரக்காரர் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டைத் திருடிக்கொள்வார். செட் பாடும், யாருக்கும் குறை தெரியாது. ஆனால் ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒரே சரமாக நினைத்துத்தான் சார்ஜ் ஏற்றுகிறது. பாட்டுக்குக் கொடுத்த பேட்டரி வயிறு நிறையாமலே கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி வேகும். சில மாதங்களில் இரண்டும் போய்விடும். பழி பேட்டரிக் கம்பெனிமேல்.

இதே ‘பாடுகிறதல்லவா, போதும்’ என்ற மனோபாவம் காருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, ஒரு பழைய காரை எடுத்துக்கொள்வோம். 2006 மாடல் ஸ்விஃப்டாகவோ 2003 சான்ட்ரோவாகவோ இருக்கட்டும். உரிமையாளரின் கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. கடைக்குப் போனதும் ‘அண்ணா, 9 இஞ்சு ஆண்ட்ராய்டு போட்டுரலாங்களா?’ என்ற கேள்வி அவரை எதிர்கொள்ளும். போட்டுக்கொண்டு வந்தால் டாஷ்போர்டு பளபளக்கும். மேப் தெரியும், ரிவர்ஸ் கேமரா தெரியும், யூடியூப் தெரியும். சத்தம்? அதே 20 வாட்ஸ், அதே கிழிந்த ஸ்பீக்கர். கதவுக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் விளிம்பு வளையம் ஃபோமால் ஆனதென்றால் பத்து, பதினைந்து ஆண்டில் அது தானாகவே பொடியாகிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த காரின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டும் ஊரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ரப்பர் விளிம்பு கொஞ்சம் தாங்கும். இந்த நிலையில் திரையை மாற்றுவது, பல் ஆடுகிறவர் மூக்குக்கண்ணாடி மாற்றுவது மாதிரி.

ஆகவே முதலில் கதவுப் பலகையைக் கழற்ற வேண்டும். கழற்றிப் பார்த்தால் பல பழைய கார்களில் மூன்று விஷயங்கள் கண்ணில் படும். ஸ்பீக்கரின் விளிம்பு போயிருக்கும். கதவின் உள் தகடு, கையால் தட்டினால் தகர டின்னைப் போல ‘டங்’ என்று அதிரும். தகட்டின்மேல் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள் பாதி கிழிந்து தொங்கும், அல்லது அடியோடு இருக்காது. பவர் விண்டோ வேலைக்குத் திறந்த யாரோ அதைக் கிழித்துத் தூக்கிப் போட்டிருப்பார். ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கிக் கீழே ஓட்டை வழியாக வெளியேறுவதுதான் காரின் அமைப்பு; அந்த நீர் உள்பக்கம் வராமல் தடுப்பதே அந்தத் தாளின் பணி. தாள் இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நனைந்து ஊறிவிடும். விலை உயர்ந்த ஸ்பீக்கரானாலும் இதற்கு விலக்கு இல்லை.

பேஸ் ஏன் வருவதில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் ஒன்றோடொன்று சந்தித்தால் தாழ்ந்த சுருதி ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருப்பது இந்தச் சந்திப்பைத் தடுக்கத்தான். காரில் அந்தப் பெட்டி, கதவுதான். கதவில் கைபோகும் அளவுக்கு நாலு ஓட்டைகள் இருந்தால் பெட்டியே இல்லை என்று பொருள். அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் வாங்கி வெளித்தகட்டின் உட்புறம் ஒட்டி, உள் தகட்டின் ஓட்டைகளை மூடி, நீர் வெளியேறும் அடிப்பக்கத் துளைகளை மட்டும் விட்டுவைத்தால், பழைய ஸ்பீக்கரே முன்பைவிட நன்றாகப் பாடும். இந்த வேலைக்கு இரண்டு கதவுக்கு அரை நாள் ஆகும். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் கடையிலும் யாரும் முன்வந்து சொல்வதில்லை, வாடிக்கையாளரும் கேட்பதில்லை. கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 44-இல் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது டயரும் சாலையும் எழுப்பும் உறுமல் தாழ்ந்த சுருதியில் இருப்பதால், அது பாட்டின் பேஸைத்தான் முதலில் விழுங்குகிறது. அந்த உறுமலைக் குறைத்தால் வால்யூமை ஏற்றாமலே பேஸ் கேட்கத் தொடங்கும்.

அடுத்து ஸ்பீக்கர். இங்கேயும் பெட்டியில் ‘300 வாட்ஸ்’ என்று கண்ணைப் பறிக்கும். அது அந்த ஸ்பீக்கர் தாங்கும் உச்சம். கொடுக்கும் சத்தம் அல்ல. பார்க்க வேண்டிய எண் வேறு: சென்சிட்டிவிட்டி, டெசிபலில். ஒரு ஸ்பீக்கர் 86, இன்னொன்று 92 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6 டெசிபல்தான். ஆனால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இரண்டு மடங்கு மின்சக்தி வேண்டும் என்பதால், 92-ன் சத்தத்தை 86-இல் எட்ட நான்கு மடங்கு வாட்ஸ் தேவை. செட்டில் இருப்பதோ 20 வாட்ஸ். ஆம்ப்ளிஃபையர் வைக்கும் எண்ணம் இல்லாதவர் சென்சிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கரை வாங்கிவிட்டால், ஆம்ப்ளிஃபையருக்கான பணம் மிச்சம். கடையில் கனமான பெரிய காந்தத்தைக் காட்டி விற்கப்படும் ஸ்பீக்கர், செட்டின் 20 வாட்ஸில் முனகிக்கொண்டு கிடப்பதும் நடக்கிறது.

அளவிலும் கவனம் வேண்டும். டாஷ்போர்டில் 4 இஞ்சு, கதவில் 5¼ அல்லது 6½ இஞ்சு, பின் ட்ரேயில் 6 × 9 ஓவல் என்று காருக்குக் கார் மாறும். ஓவல் ஸ்பீக்கர்மேல் நம்மவர்களுக்குத் தனிப் பிரியம். பின் ட்ரே மெல்லிய அட்டையாக இருக்கும் காரில் அதைப் பதித்தால் ஸ்பீக்கரைவிட ட்ரேதான் அதிகம் பாடும். ஒட்டுப் பலகை வைத்து வலுப்படுத்திவிட்டுப் பதிப்பதே முறை. அப்படியே செய்தாலும், பாட்டு முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதற்குப் பெயர் நல்ல சத்தம் அல்ல. பாடுபவர் முன்னால் நிற்க வேண்டும். முன் கதவு ஸ்பீக்கருக்கும் ட்வீட்டருக்கும் செலவழித்த பிறகு பணம் மீந்தால் பின்பக்கம் பார்க்கலாம்.

வயர் வேலையில் இன்னொரு வேடிக்கையான பிழை உண்டு. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போனால் பாட்டு நிற்காது. பேஸ் மட்டும் காணாமல் போகும். ஒரு பக்கக் கூம்பு முன்னே வரும்போது மறுபக்கம் பின்னே போவதால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். உரிமையாளர் ஸ்பீக்கர் சரியில்லை என்று சப் ஊஃபர் வாங்கப் போவார். சரிபார்க்க 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்று போதும். பிளஸ்ஸைப் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். நான்கு ஸ்பீக்கரும் ஒரே திசையில் நகர்ந்தால் இணைப்பு சரி.

செட்டின் பின்னாலிருந்து வரும் வயர் நிறங்களுக்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு. மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு, சாவி திருப்பினால் வருவது. கறுப்பு, எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. இவற்றில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இது புதிய செட்டின் வயர்களுக்குத்தான் பொருந்தும். காரின் சொந்த வயர்களுக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி நிறம். ஆகவே நிறத்தை நம்பி முறுக்குவதைவிட, அந்தந்தக் காருக்கென்று விற்கும் கப்ளரை வாங்கிச் செருகுவது உத்தமம். சில நூறு ரூபாய் சமாச்சாரம். கப்ளர் இருந்தால் காரின் வயரை வெட்ட வேண்டியதில்லை, நாளை பழைய செட்டைத் திரும்பப் பொருத்துவதும் ஐந்து நிமிட வேலை. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி ஒரே இடத்தில் கொடுப்பது சோம்பேறியின் குறுக்குவழி. சாவியில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் கடிகாரமும் செட்டிங்கும் அழியும், பேட்டரியில் கொடுத்தால் பேட்டரி இறங்கும். இன்னும் பழைய வண்டி, ஐம்பதுகள், அறுபதுகளின் பிரிட்டிஷ் வம்சம் என்றால், பேட்டரியின் பிளஸ் முனையே உடம்பில் எர்த் ஆகியிருக்கலாம். அதில் இன்றைய செட்டை அப்படியே இணைத்தால் புகை வந்துதான் ஓயும்.

எர்த் வயர் என்ற இந்தக் கறுப்பு வயருக்குக் கிடைக்கும் மரியாதை மிகக் குறைவு. கைக்கெட்டும் ஏதோ ஒரு திருகில், பெயின்ட்டின்மேலேயே, சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஊய்ங்’ என்று ஏறும் சத்தத்துக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். பெயின்ட்டைச் சுரண்டிப் பளிச்சென்ற தகட்டில் இறுக்கினால் பல கார்களில் அது நின்றுவிடும். ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் சிக்னல் வயரைக் காரின் ஒரு பக்கமாகவும் பவர் வயரை மறு பக்கமாகவும் கொண்டுபோக வேண்டும்.

ஆம்ப்ளிஃபையருக்கு பேட்டரியிலிருந்து நேராக வரும் பவர் வயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். இதில் சமரசம் கிடையாது. ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. வழியில் எங்காவது தகரம் அறுத்து வயர் உடம்பைத் தொட்டால், பேட்டரியின் முழு மின்னோட்டமும் அதில் பாயும். பிறகு காருக்குள் தீ. வயரிலும் ஒரு ஏமாற்று உண்டு. ‘காப்பர் வயர்’ என்று விற்கப்படுவதில் கணிசமானது அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சு. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் சுமார் 61 சதவீதம். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அதை வாங்கவே கூடாது என்றில்லை. செம்பின் விலைக்கு வாங்கக் கூடாது, அதே தடிமனில் போடவும் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் திரை.

பழைய கார்களின் டாஷ்போர்டில் இருப்பது ஒற்றை டின் குழி. ‘டின்’ (DIN) என்ற ஜெர்மன் தர அமைப்பு வகுத்து, 1980-களில் உலகத் தரமாக ஆன அளவு அது: சுமார் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். இரட்டை டின் என்றால் உயரம் இரண்டு மடங்கு. ஒற்றைக் குழியில் 9 இஞ்சுத் திரையை வைக்க வேண்டுமென்றால், உடம்பு உள்ளேயும் தலை வெளியேயும் நீட்டிக்கொண்டிருக்கும் வகைதான் கிடைக்கும். அது சில கார்களில் ஏ.சி. வென்ட்டை மறைக்கும், சிலவற்றில் ஹசார்டு சுவிட்ச்சை மறைக்கும். நாமக்கல் வெயிலில் ஏ.சி. காற்றைத் திரையின் முதுகுக்கு அனுப்பிவிட்டு வியர்த்துக்கொண்டு பாட்டுக் கேட்பதில் என்ன சுகமோ தெரியவில்லை. ஒற்றை டின் அளவிலேயே ப்ளூடூத், யு.எஸ்.பி. இரண்டும் கொண்ட நல்ல பிராண்டு செட் கிடைக்கிறது. மேப்புக்கு ஃபோன் இருக்கிறது. அதை ஒரு ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளலாம். ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு.

திரைதான் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை ஜி.பி. ரேம் என்பது அல்ல. காரை அணைத்த பிறகு செட் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பது. பல ஆண்ட்ராய்டு செட்டுகள் முழுதாக அணைவதில்லை. சட்டென்று விழித்துக்கொள்ள வசதியாகத் தூங்குவதுபோலக் கிடக்கும். அப்படித் தூங்கும்போது 200 மில்லி ஆம்பியர் இழுத்தால், 35 ஆம்பியர்-மணி பேட்டரியை ஒரே வாரத்தில் காலி செய்துவிடும். மாதம் இரண்டு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் காருக்கு இது பெரிய தலைவலி. எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை பேட்டரி வயரில் தொடராக வைத்து இரண்டு நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுவார். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை.

பட்ஜெட்டே இல்லை, ப்ளூடூத் மட்டும் போதும் என்பவர்களுக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒரு வழி. ஆனால் சேலத்தில் காலியாக இருந்த அலைவரிசையில் கரூர் போவதற்குள் யாரோ பேசத் தொடங்கியிருப்பார்கள். சமவெளியில் பல ஊர் எஃப்.எம். ஒன்றோடொன்று மோதும், மலை உச்சியிலிருந்து வரும் கொடைக்கானல் 100.5 வேறு. பழைய செட்டில் ஆக்ஸ் துளை இருந்தால் அதில் ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவரைச் செருகுவது பல மடங்கு மேல். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் ஏறுகிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் பென் டிரைவ்தான் துணை. அதைப் பழைய செட் படிக்க வேண்டுமென்றால் ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். புதிய 64, 128 ஜி.பி. பென் டிரைவுகள் பெரும்பாலும் வேறு முறையில் வருவதால்தான் செட் அவற்றைப் பார்த்து முழிக்கிறது. மலையேறும் காரில் டிக்கியில் உருளை வடிவ பேஸ் டியூப் இருந்தால் அதைப் பட்டை போட்டு இறுக்கியிருக்க வேண்டும் என்பதை முதல் பத்து வளைவுகளே உணர்த்திவிடும்.

நல்ல ஸ்பீக்கர் போட்ட பிறகு சிலர் ஏமாற்றத்தோடு கடைக்குத் திரும்புவதும் உண்டு: பழைய பாட்டெல்லாம் முன்னைவிட மோசமாகக் கேட்கிறதே! ஸ்பீக்கரின் குற்றம் அல்ல. யாரோ எப்போதோ 64 கே.பி.பி.எஸ். அளவுக்குச் சுருக்கி ஏற்றிய பாட்டின் குறையை ஓட்டை ஸ்பீக்கர் இத்தனை நாளும் மறைத்துவந்தது. தவிர, எழுபதுகள் வரையிலான தமிழ்ப் பாட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. ஸ்டீரியோ முறையில் பாட்டுப் பதிவான முதல் தமிழ்ப் படமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1978-இல் வந்த, இளையராஜா இசையமைத்த ‘பிரியா’. அதற்கு முந்தைய பாட்டில் இடது வலது பிரிவை எவ்வளவு விலை கொடுத்தாலும் செட்டால் உருவாக்க முடியாது. அந்தப் பாட்டுகளுக்கு ட்வீட்டரைக் கொஞ்சம் அடக்கி, நடுச் சுருதியை ஏற்றி வைத்தால் டி.எம்.எஸ். குரல் கம்பீரமாகவே வரும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாட்டுக்குச் சப் ஊஃபரால் ஒரு பயனும் இல்லை.

சத்தத்தின் மேல் எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்பதைப் பாதுகாப்பானது என்கிறது. ஒரு நாளைக்கே பத்து மணி நேரம் ஓட்டும் லாரி டிரைவருக்கும், பாட்டுப் போட்டியில் இறங்கியிருக்கும் தனியார் டவுன் பஸ்ஸின் டிரைவர், கண்டக்டருக்கும் இந்தக் கணக்கு நான்கே நாளில் முடிந்துவிடும். புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. கண்ணாடி ஏற்றி மூடிய கேபினில் இரைச்சல் குறையும். பாதி வால்யூமே போதும் என்ற நிலை வரும். நாமக்கல் பட்டறைகளில் கேபினின் தகட்டுக்கு உள்ளே என்ன ஒட்டுகிறார்கள் என்பது இனி டிரைவரின் காதுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

வேலை முடிந்து கடையிலிருந்து காரை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை சில. கடைக்காரர் தன் டெமோ பாட்டைத்தான் போடுவார். அதில் எந்த ஸ்பீக்கரும் இடிக்கும். நன்றாகத் தெரிந்த நாலு பாட்டைச் சொந்த பென் டிரைவில் கொண்டுபோக வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. மூன்றையும் போட்டுக் கேட்க வேண்டும். அப்போது ‘ஊய்ங்’ வந்தால் அங்கேயே எர்த்தைப் பார்க்கச் சொல்லலாம். நாலு கதவுக் கண்ணாடிகளையும் முழுதாக இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும், புது ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் இடிப்பது அடிக்கடி நடப்பது. கழற்றிய பழைய செட், அதன் கப்ளர், திருகுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஐகானைப் போல ரகசிய எண் கேட்கும் செட் என்றால் அந்த எண் எழுதிய அட்டையையும் தேடி எடுத்துக்கொண்டு. காரை விற்கும் நாளில், வயர் வெட்டாத காருக்கும் கம்பெனி செட் கையில் இருக்கும் காருக்கும் வாங்க வருகிறவர் தனியாக மரியாதை கொடுப்பார்.